ஃபெராராவின் இடத்தில் யார் ஆடுவது?

(கால்பந்து ரசிகர்கள் கூடிய மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இத்தாலியின் வடக்கே, போ ஆற்றுச் சமவெளியில் ஃபெராரா என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கிளப்பின் பெயர் ஸ்பால். 1907-இல் பிறந்த கிளப். பின்னாளில் மிலானுக்கும் ரியல் மாட்ரிடுக்கும் இங்கிலாந்து அணிக்கும் பயிற்சியாளராக இருந்த ஃபாபியோ கபெல்லோ, ஆட்டக்காரராகத் தொடங்கியது இங்கேதான். 1968-இல் முதல் டிவிஷனை விட்டு இறங்கிய ஸ்பால், மறுபடி அங்கே ஏறியது 2017-இல். தாத்தா பார்த்த காட்சியைப் பேரன் பார்க்க 49 ஆண்டுகள் ஆயின. மூன்று பருவம் சீரி ஏ-வில் ஆடினார்கள். பிறகு சரிவு. 2025 மே மாதத்தில் மூன்றாம் டிவிஷனான சீரி சி-யிலிருந்தும் விழுந்துவிடுவார்கள் என்ற நிலை.

விழாமல் தப்பிக்க இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. எதிரில் நின்றது மிலான் ஃபுட்டூரோ, அதாவது ஏ.சி. மிலானின் இரண்டாம் அணி. முதல் ஆட்டத்தில் ஸ்பால் 1-0 என்று தோற்றது. சொந்த மைதானத்தில் 2-0 என்று வென்றது. ஊர் தப்பியது, மிலானின் பிள்ளைகள் நான்காம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். அடுத்த மாதம், பண நெருக்கடியால் ஸ்பால் புதிய பருவத்துக்குத் தன்னைப் பதிவு செய்துகொள்ள முடியாமல் போயிற்று. காலியான அந்த இடம் யாருக்குக் கிடைத்தது தெரியுமா? இன்டர் மிலானின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு.

ஒரு பெரிய கிளப்பின் ரிசர்வ் அணியை மைதானத்தில் வென்ற ஊர், சில வாரங்களில் இன்னொரு பெரிய கிளப்பின் ரிசர்வ் அணிக்கு இடத்தை விட்டுக் கொடுத்தது. ஸ்பால் நொடித்ததற்கு இன்டர் காரணமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கு வழக்கில் நடந்த கோளாறுக்கு அந்தக் கிளப்பை நடத்தியவர்கள்தான் பொறுப்பு. ஆனால் ஒரு ஊரின் கிளப் விழுந்தால் அந்த நாற்காலியில் அடுத்து யார் உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டல்லவா? இன்னொரு சின்ன ஊரைக் கூப்பிடலாம். ஏற்கெனவே எல்லாம் உள்ள ஒரு பெரிய கிளப்புக்கு இரண்டாவது நாற்காலியாகவும் போடலாம். இத்தாலியின் விதியில் இரண்டாவதற்கு வழி வைத்திருக்கிறார்கள். முந்தைய ஆண்டு மிலான் ஃபுட்டூரோ உள்ளே வந்ததும் இப்படித்தான், அங்கோனா என்ற துறைமுக ஊரின் கிளப் பதிவாகாமல் போன இடத்தில்.

பெரிய கிளப்புகளின் ரிசர்வ் அணிகள் கீழ் டிவிஷன் லீக்குகளில் சேரலாமா என்பதுதான் இன்று நான் பேச வந்தது. சேரக்கூடாது என்பது என் முடிவு. ஆனால் எதிர்க்கட்சி பலமான கட்சி. அதை முழுதாகக் கேட்ட பிறகுதான் இந்த முடிவைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பதினெட்டு வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். இளையோர் அணியில் அவனுக்கு இனிக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. சீனியர் அணியில் இடம் கிடைக்க இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். இந்த இடைவெளியில்தான் நல்ல ஆட்டக்காரர்கள் வீணாய்ப் போகிறார்கள். ரிசர்வ் அணிகள் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் லீக்கில் அனல் பறக்காது. தோற்றால் யாரும் திட்டமாட்டார்கள், வென்றால் யாரும் தூக்கிக் கொண்டாடமாட்டார்கள். அதே பையனை மூன்றாம் டிவிஷனில் இறக்கினால், முப்பது வயதுத் தடுப்பாட்டக்காரர் முதல் ஐந்து நிமிடத்திலேயே விலாவில் ஒரு முழங்கை வைத்துப் பாடம் நடத்திவிடுவார். அந்தப் பாடம் தேவை. அதை யாரும் மறுக்க முடியாது.

பலனுக்குச் சாட்சியும் உண்டு. 2008-09 பருவத்தில் ஜெர்மனியின் மூன்றாம் லீக்கில் பேயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார் தாமஸ் முல்லர். 2010 கோடையில் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் ஐந்து கோல் போட்டுத் தங்கக் காலணியோடு வீடு திரும்பினார். 2007-இல் பார்சிலோனாவின் பி அணி நான்காம் டிவிஷனுக்கு இறங்கிக் கிடந்தபோது அதன் பொறுப்பை ஏற்றவர் பெப் கார்டியோலா. அங்கே அவரிடம் ஆடிய செர்ஜியோ புஸ்கெட்ஸும் பெத்ரோவும் 2010 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினுக்காக முதல் பதினொருவரில் இறங்கினார்கள். ஆட்டக்காரரோடு பயிற்சியாளரும் சேர்ந்து அந்தப் பட்டறையில் உருவானார். ஹாலந்தில் 2013-இலிருந்து யோங் அயாக்ஸ் இரண்டாம் டிவிஷனில் ஆடுகிறது. பிரெங்கி டி யோங்கும் மத்தேய்ஸ் டி லிக்டும் அந்த வழியாக வந்தவர்கள். போர்ச்சுகலில் பி அணிகள் 2012-இல் இரண்டாம் டிவிஷனுக்குத் திரும்பின. பெர்னார்டோ சில்வா, ரூபன் டியாஸ் இருவரும் பென்ஃபிகா பி-யில் தேறியவர்கள். இவ்வளவையும் வைத்துக்கொண்டு அந்த ஏற்பாட்டில் பயனே இல்லை என்று யார் சொன்னாலும் அது பொய்.

பயன் இருக்கிறது. அந்தப் பயனுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

விலையைப் பார்க்க, இந்த ஏற்பாடு மிக அழகாக வேலை செய்த ஒரு காலத்துக்குப் போவோம். 1980, மாட்ரிட். ரியல் மாட்ரிடின் ரிசர்வ் அணிக்குப் பெயர் காஸ்டில்யா. பிளஸ் அல்ட்ரா என்ற காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியர்கள் 1930-இல் தொடங்கிய கிளப் அது. பிற்பாடு ரியலின் துணை அணியாகி, 1972-இல் காஸ்டில்யா என்று பெயர் மாறியது. 1980-இல் இரண்டாம் டிவிஷனில் இருந்த காஸ்டில்யா, ஸ்பெயினின் கோபா கோப்பையில் வரிசையாக முதல் டிவிஷன் அணிகளைச் சாய்த்துக்கொண்டே போனது. எர்க்குலஸ் விழுந்தது. அத்லெட்டிக் பில்பாவோ விழுந்தது. அந்த லீக் பருவம் முழுதும் ஒரே ஒரு ஆட்டம் மட்டும் தோற்ற ரியல் சோசியதாதும் விழுந்தது. அரையிறுதியில் ஸ்போர்ட்டிங் கிகோன். இறுதி ஆட்டம் ஜூன் 4, பெர்னபேயு மைதானத்தில். எதிரணி யார்? ரியல் மாட்ரிட்.

ஒரே வீட்டின் அண்ணனும் தம்பியும் ஒரு நாட்டின் கோப்பைக்காக நின்றார்கள். அண்ணன் 6-1 என்று வென்றார். ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் ஒன்றாகக் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு உணர்ச்சிகள் வரும். அந்தத் தம்பிகளின் முகத்தில் இருக்கும் பெருமை உண்மையானது. நான்கு முதல் டிவிஷன் அணிகளை வென்றவர்கள் அவர்கள். அதே நேரத்தில், இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி வென்ற அணியோடு சேர்ந்து சிரிக்க முடிகிறதென்றால், நடந்தது போட்டிதானா என்ற கேள்வியும் எழுகிறது.

ரியல் மாட்ரிட் லீக்கையும் வென்றிருந்ததால், கோப்பை வென்றோருக்கான ஐரோப்பியப் போட்டியில் ஆடும் வாய்ப்பு காஸ்டில்யாவுக்கு வந்தது. செப்டம்பரில் பெர்னபேயுவில் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாமை 3-1 என்று வென்றார்கள். அன்று மைதானத்தில் ரசிகர்கள் செய்த ரகளையால், லண்டனில் நடந்த பதில் ஆட்டம் பொதுமக்கள் இல்லாமல் பூட்டிய கதவுக்குள் நடந்தது. உள்ளே இருந்தவர்கள் 262 பேர் என்று பதிவு சொல்கிறது. கூடுதல் நேரத்தில் வெஸ்ட் ஹாம் 5-1 என்று வென்று காஸ்டில்யாவின் ஐரோப்பியக் கதையை முடித்தது. கதையாகக் கேட்க எவ்வளவு சுவை! ஆனாலும் 1990-91 பருவத்திலிருந்து ரிசர்வ் அணிகள் கோபாவில் ஆட முடியாது என்று ஸ்பெயின் தடுத்துவிட்டது. தன் சொந்த வரலாற்றின் இவ்வளவு சுவையான பக்கம் இனி எழுதப்படக் கூடாது என்று அந்த நாடே முடிவு செய்ததை நாம் கவனிக்க வேண்டும்.

கோபா பரவாயில்லை, கோப்பையில் தோற்றவர் வீட்டுக்குப் போய்விடுவார். லீக்கில் சிக்கல் இன்னும் ஆழமானது. 1983-84 பருவத்தில் அதே காஸ்டில்யா இரண்டாம் டிவிஷன் சாம்பியன். பயிற்சியாளர் அமன்சியோ. அணியில் புட்ரகேன்யோ, மிச்செல், சான்சிஸ், மார்ட்டின் வாஸ்கெஸ், பர்தேசா என்று பின்னால் ஒரு தலைமுறையையே ஆண்ட ஐவர். பட்டியலில் இரண்டாம் இடம் அத்லெட்டிக் பில்பாவோவின் ரிசர்வ் அணிக்கு. சீனியர் அணி இருக்கும் டிவிஷனுக்கு ரிசர்வ் அணி ஏறக்கூடாது என்பது விதி. ஆகவே முதல் இடமும் ஏறவில்லை, இரண்டாம் இடமும் ஏறவில்லை. எர்க்குலஸ், ராசிங் சான்டாண்டர், எல்ச்சே ஆகிய மூன்றும் மேலே போயின. அதாவது ஐந்தாம் இடத்துக்கு முதல் டிவிஷன் கதவு திறந்தது.

இன்னொன்றும் அந்தப் பருவத்தில் நடந்தது. 1984 பிப்ரவரியில் புட்ரகேன்யோவை ரியலின் பயிற்சியாளர் டி ஸ்டெஃபனோ சீனியர் அணிக்கு எடுத்துக்கொண்டார். காடிஸ் மைதானத்தில் ரியல் 2-0 என்று பின்தங்கியிருந்தபோது மாற்று ஆட்டக்காரராக இறங்கி இரண்டு கோல் போட்டார். ரியல் 3-2 என்று வென்றது. ஸ்பெயின் முழுதும் கொண்டாடிய அறிமுகம் அது. சான்சிஸும் மார்ட்டின் வாஸ்கெஸும் டிசம்பரிலேயே மேலே போய் முகம் காட்டிவிட்டார்கள். இப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்த மற்றக் கிளப்புகளின் பக்கத்திலிருந்து பாருங்கள். பருவத்தின் முதல் பாதியில் காஸ்டில்யாவைச் சந்தித்தவர்கள் புட்ரகேன்யோவைச் சந்தித்தார்கள். பிற்பாதியில் சந்தித்தவர்களுக்கு அவர் எதிரில் இல்லை. ஒரு லீக் நியாயமாக இருப்பதற்கு அடிப்படை, எல்லோரும் எல்லோரோடும் ஆடுவது. ரிசர்வ் அணியில் யார் இறங்குவார் என்பதைத் தீர்மானிப்பது அந்த லீக்கின் தேவையில்லை. சீனியர் அணியில் யாருக்குக் காயம், யாருக்குச் சிவப்பு அட்டை, காயம் ஆறி வரும் நட்சத்திரத்துக்கு எங்கே அறுபது நிமிடம் ஓட்டம் தேவை என்பதெல்லாம்தான் தீர்மானிக்கின்றன. வயது வரம்பு போட்டு ஓரளவு கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். முழுதாகக் கட்ட முடியாது, ஏனென்றால் மேலே அனுப்புவதற்காகத்தான் அந்த அணியே இருக்கிறது.

ஸ்பெயினில் மேலிருந்து இடி விழுந்த கதையும் உண்டு. 2012-இல் வில்யாரியல் முதல் டிவிஷனிலிருந்து இறங்கியது. அப்போது வில்யாரியல் பி இரண்டாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்தது. சீனியர் அணி அங்கே வந்து சேர்ந்ததால், தன் புள்ளிகளால் விழாத பி அணி மூன்றாம் டிவிஷனுக்குத் தள்ளப்பட்டது. அந்தப் பையன்கள் ஒரு பருவம் முழுக்க உழைத்துச் சேர்த்த புள்ளிகளுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. ரிசர்வ் அணியில் ஆடும் பையனுக்கும் இந்த ஏற்பாடு அநீதி செய்யும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஜெர்மனியைப் பற்றி ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன். 2023 மே 27. மூன்றாம் லீக்கின் கடைசிச் சுற்று. சாதாரணமாக முதல் இரண்டு இடங்கள் நேராக மேலே போகும். மூன்றாம் இடம் ஒரு தகுதி ஆட்டத்துக்குப் போகும். அந்த ஆண்டு இரண்டாம் இடத்தில் இருந்தது ஃபிரைபர்கின் இரண்டாம் அணி. அது ஏற முடியாது. எனவே மூன்றாம் இடத்துக்கு நேர் ஏற்றம், நான்காம் இடத்துக்குத் தகுதி ஆட்டம் என்று எல்லாம் ஓர் இடம் கீழே நகர்ந்தது. ஓஸ்னாபுரூக், வேஹன் வீஸ்பாடன், சார்புருக்கன் மூன்றும் அந்த இடங்களுக்காக மோதிக்கொண்டிருந்தன. ஓஸ்னாபுரூக் அன்று சொந்த மைதானத்தில் 1-0 என்று பின்தங்கியிருந்தது. தொண்ணூறு நிமிடம் முடிந்த பிறகு, காயநேரத்தில் இரண்டு கோல்! 2-1. மைதானமே புரண்டது. ஓஸ்னாபுரூக் மேலே போயிற்று. அந்த நாடகம் முழுவதிலும் எதிரே ஆடிக்கொண்டிருந்த அணி எது? டார்ட்முண்டின் இரண்டாம் அணி. ஏறவே முடியாத ஓர் அணி இடங்களைக் கீழே நகர்த்தியது. ஏறவே முடியாத இன்னோர் அணியோடு ஆடிய ஆட்டம் மூன்று ஊர்களின் தலையெழுத்தை எழுதியது. டார்ட்முண்டின் பையன்கள் மனம்விட்டு ஆடினார்கள், சந்தேகமில்லை, கடைசி நிமிடம் வரை முன்னிலையில் இருந்தவர்கள் அவர்கள். நான் குறை சொல்வது அந்தப் பையன்களை இல்லை. இப்படி ஓர் ஆட்டத்தில் இரு பக்கத்துக்கும் சமமாக ஏதாவது பணயம் இருக்க வேண்டும் என்று மூன்று ஊர்களும் எதிர்பார்ப்பது நியாயமில்லையா?

கீழ் டிவிஷன் மைதானத்துக்கு ரிசர்வ் அணி வரும் நாளில் வெளியூர் ரசிகர்களுக்கான கேலரியைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பெரிய கிளப்பின் ரசிகர் சீனியர் ஆட்டத்துக்குப் போயிருப்பார். சின்ன ஊர்க் கிளப்புக்கு டிக்கெட் வருமானம்தான் சம்பளப் பணம். பக்கத்து ஊர் அணி வந்தால் நான்கு பஸ் நிறைய ஆட்கள் வருவார்கள், கூடவே பழைய பகையும் வரும், மைதானம் நிறையும். ஜெர்மனியின் மூன்றாம் லீக்கில் ரசிகர்கள் பதாகை பிடித்து இரண்டாம் அணிகளை எதிர்த்துவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிலாந்து இந்தக் கதவைத் திறக்க நினைத்து, ரசிகர்களாலேயே தடுக்கப்பட்டது. 2014 மே மாதம், அப்போதைய கால்பந்துச் சங்கத் தலைவர் கிரெக் டைக் ஓர் அறிக்கை வெளியிட்டார். பிரீமியர் லீக்கில் இங்கிலாந்து ஆட்டக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள், ஆகவே லீக் த்ரீ என்று புதிய டிவிஷன் ஒன்றை அமைத்து அதில் பெரிய கிளப்புகளின் பி அணிகளைச் சேர்ப்போம் என்பது அவர் திட்டம். லீக் ஒன் வரை பி அணிகள் ஏறலாம், அதற்கு மேல் கூடாது. கவலை நியாயமானது. மருந்தைத்தான் சின்னக் கிளப்புகளின் தொண்டையில் ஊற்றப் பார்த்தார்கள். எதிர்ப்பில் திட்டம் செத்தது.

ஆனால் 2016-இல் வேறு வாசல் வழியாக வந்தது. மூன்றாம், நான்காம் டிவிஷன் கிளப்புகளுக்கு வெம்பிளியில் ஒரு நாள் ஆடும் கனவைத் தந்துகொண்டிருந்த ஈ.எஃப்.எல். டிராஃபியில், பெரிய கிளப்புகளின் 16 இளையோர் அணிகளைச் சேர்த்தார்கள். ஆர்சனல், லிவர்பூல், இரண்டு மான்செஸ்டர்கள் முதல் ஆண்டில் வரவே மறுத்துவிட்டன. ரசிகர்கள் புறக்கணித்தார்கள், முதல் சுற்று ஆட்டங்களில் கேலரிகள் காற்று வாங்கின. சின்னக் கிளப்புகள் போட்டியை அலட்சியப்படுத்தக் கூடாது என்பதற்காக முதல் பதினொருவரில் இத்தனை பேர் சீனியர்களாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். விளைவு என்ன? தன் கிளப்பிலேயே வளர்ந்த இளம் ஆட்டக்காரர்களை இறக்கியதற்காக லூட்டன் டவுனுக்கு 15,000 பவுண்டு அபராதம்! இளைஞர்களை வளர்க்கத்தான் போட்டியையே மாற்றினோம் என்று சொன்னவர்கள், சின்னக் கிளப் தன் இளைஞர்களை இறக்கியபோது தண்டம் போட்டார்கள். எந்த இளைஞர்களை மனத்தில் வைத்துப் போட்டி மாற்றப்பட்டது என்பது அந்த அபராதச் சீட்டில் தெளிவாகத் தெரிகிறது. பிராட்ஃபோர்ட் சிட்டி அந்த விதியைச் சமாளிக்க, சீனியர் கோல்கீப்பரை முதல் பதினொருவரில் இறக்கி மூன்றாவது நிமிடத்திலேயே மாற்றிவிட்டது. அன்று எதிரில் ஆடிய அணி பரி. 1885-இல் பிறந்து எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்ற கிளப். அதற்கு மூன்றே ஆண்டில், 2019 ஆகஸ்டில், பணமில்லாமல் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. கீழ் டிவிஷன்களின் உண்மையான நோய் அங்கே இருக்கிறது. அதைப் பார்க்காமல் அந்த நோயாளியின் கட்டிலில் வேறொருவரைப் படுக்க வைக்கப் பார்த்தார்கள்.

பி அணிகள் லீக்கில் இல்லாததால் இங்கிலாந்து இளைஞர்கள் தேயவில்லை. 2017 ஜூனில் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்றார்கள். அதே ஆண்டு அக்டோபர் 28, நம் கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானம், 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே, ரிசர்வ் அணிகளை லீக் ஏணியில் வைத்து வளர்க்கும் நாடான ஸ்பெயின். ஸ்பெயின் 2-0 என்று முந்தியது. இங்கிலாந்து 5-2 என்று வென்றது. ஃபில் ஃபோடன் என்ற ஒல்லிப் பையன் இரண்டு கோல் போட்டுப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் ஆனான். பதினேழு வயதுக் கோப்பை ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு நாட்டின் முறை உயர்ந்தது, இன்னொன்றின் முறை தாழ்ந்தது என்று நான் வாதாட மாட்டேன். பி அணி ஒன்றுதான் வழி என்ற பேச்சு பிழை என்பதற்கு மட்டும் அது போதும்.

சரி, அந்தப் பதினெட்டு வயதுப் பையனுக்கு என்ன வழி? லோனில் அனுப்புங்கள். 1995-இல் டேவிட் பெக்காம் என்ற 19 வயதுப் பையனை மான்செஸ்டர் யுனைடெட் நான்காம் நிலையில் இருந்த பிரெஸ்டன் நார்த் எண்டுக்கு அனுப்பியது. இறங்கிய முதல் ஆட்டத்திலேயே கார்னரிலிருந்து நேராக வலைக்குள் அடித்தார். மொத்தம் ஐந்தே ஆட்டம், இரண்டு கோல். பிரெஸ்டனில் அவர் யாருக்கும் செல்லப்பிள்ளையாக இருந்திருக்க முடியாது. அந்த ஊர் அணிக்குப் புள்ளி வேண்டும், அவர் உதவினால் ஆடலாம், இல்லையென்றால் பெஞ்சு. 2012 ஜனவரியில் டாட்டன்ஹாம், ஹாரி கேனை மில்வாலுக்கு அனுப்பியது. மில்வால் இரண்டாம் டிவிஷனிலிருந்து இறங்கிவிடும் பயத்தில் தவித்துக்கொண்டிருந்தது. பதினெட்டு வயதில் அந்தப் பயத்துக்கு நடுவே கோல் போடக் கற்றார்; மில்வால் தப்பியது. இங்கே பையன் வளர்ந்தான், ஊரும் பிழைத்தது. அவன் போட்ட ஒவ்வொரு கோலும் மில்வால் ரசிகரின் கணக்கில் விழுந்தது. பி அணியில் அவன் இதே கோல்களைப் போட்டிருந்தால் அந்தப் புள்ளிகள் டாட்டன்ஹாமின் இரண்டாவது கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும். எனக்கு இந்த ஒரு வேறுபாடே போதும்.

லோன் முறையும் தூய்மையானதில்லை. பெரிய கிளப்புகள் முப்பது நாற்பது பேரைச் சரக்குபோல் வாங்கி ஊர் ஊராகச் சுற்றவிட்டன. 2022-இல் ஃபிஃபா பன்னாட்டு லோன்களுக்கு உச்சவரம்பு போட்டது அதனால்தான். திருத்த வேண்டியவை இன்னும் உள்ளன. ஆனால் லோன் கெட்டுப்போனால் வரம்பு போட்டுத் திருத்தலாம். லீக் இடத்தை எடுத்துக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது எளிதில்லை.

மறுபடி இத்தாலிக்கு வருகிறேன். 2017 நவம்பரில் ஸ்வீடனிடம் தோற்று இத்தாலி உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தது. நாடே அழுதது. நம் பையன்களுக்கு ஆட இடமில்லை, இரண்டாம் அணிகளை அனுமதியுங்கள் என்ற குரல் அப்போது ஓங்கியது. 2018-இல் யுவென்டஸ் முதல் ஆளாகத் தன் இரண்டாம் அணியைச் சீரி சி-யில் சேர்த்தது. ஆட்டக்காரர்களை உருவாக்கும் வேலையில் அந்த அணி வென்றது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். யாரை உருவாக்கியது? கெனான் யில்டிஸ், துருக்கிக்கு ஆடுகிறார். மத்தியாஸ் சூலே, அர்ஜென்டினாக்காரர். டீன் ஹைசன், ஸ்பெயினுக்கு ஆடுகிறார். ஃபாஜியோலி, மிரெட்டி போன்ற இத்தாலியர்களும் உண்டு. ஆனால் சூலேயும் ஹைசனும் 2024-இல் நல்ல விலைக்கு விற்கப்பட்டார்கள். தேசிய அணியின் கண்ணீரைக் காட்டி வாங்கிய இடம், ஒரு கிளப்பின் வரவு செலவுக் கணக்குக்கு உதவியது. தொழில் என்ற முறையில் யுவென்டஸ் செய்ததில் தவறில்லை. ஆனால் ஊர்களுக்குச் சொல்லப்பட்ட காரணம் வேறு. இரண்டாம் அணிகள் வந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச்சில், பலேர்மோவில் வட மாசிடோனியாவிடம் 1-0 என்று தோற்று இத்தாலி அடுத்த உலகக் கோப்பைக்கும் போகவில்லை.

நம் நாட்டுக்கு இதெல்லாம் தூரத்துச் செய்தி என்று யாரும் நினைக்க வேண்டாம். அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் 2010-இல் இளைஞர்களுக்கென்றே ஓர் அணி அமைத்து ஐ-லீக்கில் சேர்த்தது. 2017-இல் இந்தியன் ஆரோஸ் என்ற பெயரில் அதற்கு மறுபிறவி கொடுத்தது. 17 வயது உலகக் கோப்பையில் ஆடிய நம் பையன்கள் பலர் அதில் இருந்தார்கள். அந்த அணி எந்த இடத்தில் முடித்தாலும் இறங்காது என்பது ஏற்பாடு. அந்த நவம்பரில் கோவாவில் அவர்களுடைய முதல் ஆட்டம் நம் சென்னை சிட்டியோடு. பையன்கள் 3-0 என்று வென்றார்கள். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஜீக்சன் சிங், சுரேஷ் சிங், அன்வர் அலி எல்லாம் அந்த அணியிலிருந்து பின்னால் தேசிய அணிக்கு வந்தவர்கள். ஆனால் பருவத்தின் முடிவைப் பாருங்கள். பட்டியலில் கடைசி, அதாவது பத்தாம் இடம், ஆரோஸுக்கு. அவர்கள் இறங்க மாட்டார்கள். எனவே இறங்க வேண்டும் என்று வந்தது ஒன்பதாம் இடத்துச் சர்ச்சில் பிரதர்ஸுக்கு. பிறகு சம்மேளனமே அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது, அது வேறு கதை. அந்தப் பருவத்தில் எட்டாம் இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சென்னை சிட்டி, மறு பருவத்தில் கோயம்புத்தூர் நேரு மைதானத்தில் ஆடி ஐ-லீக் சாம்பியன் ஆனது. இறங்கும் கோட்டுக்கு ஓர் இடம் மேலே நின்ற கிளப் அடுத்த ஆண்டே சாம்பியன் ஆகிறதென்றால், அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

ஐ.எஸ்.எல். கிளப்புகளின் ரிசர்வ் அணிகளும் சில ஆண்டுகள் ஐ-லீக் இரண்டாம் டிவிஷனில் ஆடின, மேலே ஏறும் தகுதி இல்லாமலே. 2022-இல் இளையோருக்கென்று தனியாக டெவலப்மென்ட் லீக் வந்தது. அதுதான் சரியான திசை. அதை ஆண்டு முழுவதும் ஆடும் லீக்காக நீட்டுங்கள், மாவட்டத் தலைநகரங்களுக்குக் கொண்டுவாருங்கள், டிக்கெட் போட்டு நடத்துங்கள் என்று நாம் கேட்க வேண்டும்.

அதற்கு மேலும் ஒன்று கேட்க வேண்டும். பெரிய கிளப்பிடம் இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையன்கள் மாநில லீக் கிளப்புகளுக்கு லோனில் வரட்டும். ஒரு கிளப்பிலிருந்து ஒரு கிளப்புக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். இல்லாவிட்டால் சின்னக் கிளப் பெரிய கிளப்பின் முகமூடி ஆகிவிடும். சம்பளத்தைப் பெரிய கிளப் தரட்டும். யாரை இறக்குவது என்பதைச் சின்னக் கிளப்பின் கோச் முடிவு செய்யட்டும். பருவத்தின் நடுவில் திரும்ப அழைத்துக்கொள்ளும் உரிமை பெரிய கிளப்புக்கு இருக்கக் கூடாது, ஏனென்றால் அந்த உரிமை இருந்தால் புட்ரகேன்யோ கதைதான் மறுபடி நடக்கும். பையன் பின்னால் நல்ல விலைக்குப் போனால், அவனை ஒரு பருவம் ஆட வைத்த கிளப்புக்கும் அந்தத் தொகையில் பங்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதைக் கேள்வி நேரத்தில் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். கிளப் நடத்துகிறவர்கள் சிலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள், என்னைவிட உங்களுக்கு அது நன்றாகத் தெரியும்.